எப்பத்தா: பிளவுபட்ட உதடும் கடல் கடந்து வரும் மருத்துவர்களும்

வானொலி மறையுரை
பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு (மாற்கு 7:31-37)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு ஒரு நீண்ட பயணத்தில் இருக்கிறார். தீர் பகுதியிலிருந்து புறப்பட்டு, சீதோன் வழியாக, தெக்கப்பொலி நாட்டுக்கு வருகிறார். அது யூதர்களின் ஊர் அல்ல; பிற இனத்தார் வாழும் பகுதி. அங்கே சிலர் ஒரு மனிதரை அவரிடம் அழைத்து வருகிறார்கள். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் சரியாக வராது. அவர்மேல் கை வைத்தால் போதும் என்பதுதான் கூட்டி வந்தவர்களின் வேண்டுகோள். இயேசு அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். காதுகளில் விரலை வைக்கிறார், உமிழ்நீரால் நாவைத் தொடுகிறார், வானத்தை நோக்கிப் பெருமூச்சு விடுகிறார். அதன் பிறகுதான் ‘எப்பத்தா’ என்ற அரமேயச் சொல் வருகிறது. திறக்கப்படு என்பது அதன் பொருள்.

அந்த மனிதரின் பேச்சுக் குறையைச் சொல்ல மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் கிடையாது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் எசாயா 35-ஆம் அதிகாரத்தில் அதே சொல் உண்டு. அதனால்தான் திரு அவை அந்த அதிகாரத்தையே இன்று முதல் வாசகமாகத் தந்திருக்கிறது.

அவருக்கு இருந்தது என்ன நோய் என்று மாற்கு சொல்லவில்லை. நானும் ஊகிக்கப்போவதில்லை. ஆனால் காதையும் நாவையும் ஒருசேரப் பாதிக்கும் ஒரு பிறவிக் குறையை இன்றைய மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு என்று அதைச் சொல்கிறோம். கிராமங்களில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. அவை ஏசுவதற்கான பெயர்கள், இங்கே வேண்டாம்.

உங்கள் மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு சிறு பள்ளமும் இருபுறமும் இரண்டு மேடுகளும் தட்டுப்படும். தாயின் வயிற்றில் நம் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. இரண்டு பக்கங்களிலிருந்தும் தசை வளர்ந்து வந்து நடுவில் சேர்கிறது. அந்த மேடுகள் அப்படிச் சேர்ந்த இடத்தின் அடையாளம். உதடு ஏறக்குறைய ஏழாம் வாரத்துக்குள் சேர்ந்துவிடும். வாயின் கூரையாகிய அண்ணம் பன்னிரண்டாம் வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். பல தாய்மார்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெளிவாகத் தெரியாத நாட்கள் அவை. அந்தச் சேர்க்கை எங்கோ ஓரிடத்தில் நின்றுபோனால் பிளவு மிஞ்சுகிறது. உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது.

காரணம் ஒன்றல்ல. பரம்பரைக் கூறு உண்டு, ஃபோலிக் அமிலக் குறைவு உண்டு, புகை, மது, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் உண்டு. பல குழந்தைகளுக்குக் காரணமே புலப்படாது. கிரகணம் மட்டும் நிச்சயமாகக் காரணம் அல்ல. கிரகணத்தன்று வெளியே வந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள் என்று நம்மூரில் மருமகளைக் குற்றம் சாட்டுகிறார்கள். கடல்களுக்கு அப்பால் மெக்சிகோவிலும் கிரகணத்தின்மேல் இதே பழி உண்டு என்பது வியப்புக்குரியது. இரண்டு நாடுகளிலும் தண்டனை தாய்க்குத்தான். பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்டதும் சீடர்கள் கேட்ட முதல் கேள்வியும் யார் செய்த பாவம் என்பதுதானே! இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை.

பிளவுள்ள குழந்தையின் முதல் துன்பம் பால். வாயின் கூரையில் இடைவெளி இருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. ஓட்டையுள்ள உறிஞ்சுகுழலால் இளநீர் குடிப்பது போன்ற நிலை அது. உள்ளே போன பாலும் மூக்கு வழியே வெளியே வரும். குழந்தை களைத்துத் தூங்கிவிடும், எடை இறங்கும். வறிய நாடுகளில் இப்படிப் பிறக்கும் குழந்தைகள் பசியாலும் நிமோனியாவாலும் இறப்பது உண்டு. அவர்களைக் கொல்வது பிளவு அல்ல. எப்படிப் பாலூட்டுவது என்று சொல்லித்தர ஆள் இல்லாத நிலைதான் கொல்கிறது. நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் சிறிது சிறிதாகக் கொடுத்தாலே பல குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கான எடைக்கு வந்துவிடுவார்கள்.

இரண்டாவது துன்பம் காது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்கு ஒரு நுண்குழாய் செல்கிறது. அதைத் திறந்து மூடும் தசை அண்ணத்தோடு இணைந்தது. அண்ணம் பிளந்திருந்தால் அந்தத் தசை சரியாக வேலை செய்யாது. காதுக்குள் நீர் தேங்கும், கேள்வி மங்கும்.

மூன்றாவதுதான் பேச்சு. ‘ம’ சொல்லும்போது மூச்சு மூக்கு வழியே போகிறது. ‘ப’ சொல்ல வேண்டுமானால் அண்ணம் மூக்கின் வழியை அடைத்து, வாய்க்குள் காற்றைத் தேக்கி, உதடு அதை விடுவிக்க வேண்டும். அண்ணம் பிளந்த குழந்தைக்கு அந்தக் காற்று நிற்காது. அதனால் அது ‘அம்மா’ என்று சொல்லிவிடும். ‘அப்பா’ என்று சொல்ல முயன்றாலும் ‘அம்மா’ போலவே ஒலிக்கும். க, ட, த எல்லாம் அப்படித்தான். பள்ளியில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லவே பயந்து, படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இனி, பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போவோம். பிக்கோல் பகுதியில் நாகா என்றொரு நகரம் உண்டு. பெனாஃப்ரான்சியா அன்னையின் ஊர் அது. செப்டம்பர் மாதத்தில் அன்னையின் திருவுருவத்தை ஆற்றில் படகேற்றிப் பவனியாகக் கொண்டுவருவார்கள். நம் வேளாங்கண்ணித் திருவிழாவை நடத்தும் அதே செப்டம்பர்தான். 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக் நகரிலிருந்து பில் மகீ என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும், செவிலியரும் சமூகப் பணியாளருமான அவர் மனைவி கேத்லீனும் ஒரு தன்னார்வ மருத்துவக் குழுவோடு அந்த நாகாவுக்கு வந்தார்கள். பிளவுள்ள குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்வதே நோக்கம்.

ஏறக்குறைய 300 குடும்பங்கள் வந்து காத்திருந்தன. அவர்களால் செய்ய முடிந்ததோ சுமார் 40 குழந்தைகளுக்கு மட்டுமே.

மீதிப் பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். அப்படித் திரும்பிய ஒரு தாய், மகளுக்குச் சிகிச்சை கிடைக்காதபோதும், முயன்றதற்கு நன்றி என்று சொல்லி ஒரு கூடை வாழைப்பழம் தந்ததைக் கேத்லீன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சிகிச்சை பெற்ற 40 பேரின் நன்றியை விட அந்தக் கூடைதான் அவர்களை உறங்கவிடவில்லை போலும். ஊர் திரும்பி, உதவி திரட்டி, மீண்டும் நாகாவுக்குப் போனார்கள். ‘ஆபரேஷன் ஸ்மைல்’ என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. இத்தகைய பணியில் அவர்கள் முதல்வர்கள் அல்லர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லாப் 1969-லேயே ‘இன்டர்பிளாஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்.

இந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது? பிளந்த உதட்டைப் பார்ப்பவர்கள் அங்கே சதை குறைவாக இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். பல காலம் மருத்துவர்களும் அப்படியே நினைத்தார்கள். 1950-களின் நடுவில் ரால்ஃப் மில்லார்டு என்ற மருத்துவர் அமெரிக்கப் படையோடு கொரியாவில் பணிபுரிந்தார். போரில் சிதைந்த அந்த நாட்டில் பிளவுள்ள குழந்தைகளைக் கண்டார். ஒரு குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு கோடுகள் போட்டுப் பார்த்தபோது, இருக்க வேண்டியது பெரும்பாலும் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. மேலே இழுக்கப்பட்டுக் கிடக்கும் பகுதியைச் சுழற்றிக் கீழே இறக்க வேண்டும். மறுபக்கத் தசையை முன்னே கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அப்படிச் செய்தால் தழும்பு மூக்கின் கீழ் இயல்பாக இருக்கும் மேட்டின் கோட்டிலேயே மறைந்துவிடும். 1955-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் அவர் இதை விளக்கினார். இன்றும் உலகெங்கும் பெரும்பாலான உதட்டுப் பிளவு சிகிச்சைகள் அம்முறையிலோ அதன் கிளைகளிலோதான் நடக்கின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை.

ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன்பு வருகிற நாள்தான் கடினமானது. முகாம் மருத்துவர்கள் முதல் நாளில் யாரையும் அறுப்பதில்லை, தேர்ந்தெடுக்கிறார்கள். குழந்தைக்குப் பத்து வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பத்து பவுண்டு, அதாவது நான்கரை கிலோ எடை வேண்டும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து கிராம் வேண்டும். இந்த மூன்று பத்துகளைப் பழைய கணக்காக இன்றும் சொல்வார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் குழந்தை திருப்பி அனுப்பப்படும். இரண்டு நாள் பேருந்திலும் படகிலும் வந்த தாய்க்கு இது விளங்காது. வெறும் மூக்கொழுகலுக்காகவா என்று அழுவாள். ஆனால் மயக்க மருந்தின்கீழ் சளி பிடித்த பிஞ்சுக் குழந்தையின் மூச்சுக்குழல் சட்டென இறுகிவிடலாம். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு குறையைச் சரிசெய்யப் போய் உயிரை இழக்கக் கூடாது. இத்தகைய முகாம்களில் குழந்தைகள் இறந்ததும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதன் பிறகே குழந்தை மயக்கவியல் நிபுணர் இல்லாமல், இரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி இல்லாமல் தொடக்கூடாது என்ற விதிகள் இறுகின.

நேயர்களே, இங்கே நான் ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். தன்னார்வப் பணி என்பதாலேயே எல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. ஒரு வாரம் வந்து, நூறு உதடுகளைத் தைத்து, படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினால், பத்தாம் நாளில் தையல் பிரிந்த குழந்தையை யார் பார்ப்பது? உதடு வெளியே தெரியும், படத்தில் விழும். அண்ணம் வாய்க்குள் இருக்கிறது, படத்தில் விழாது. அண்ண அறுவை சிகிச்சையில் இரத்தப்போக்கு அதிகம், இரவு முழுவதும் விழித்திருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். அதனால் குறுகிய முகாம்களில் உதட்டுக்கு முதலிடம், அண்ணம் அடுத்த முறைக்கு என்றாகிவிடும். அடுத்த முறை சில ஊர்களுக்கு வருவதே இல்லை.

இந்தத் தாமதத்துக்கு என்ன விலை என்பதை இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 1980-களில் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் தலைமையில் ஒரு குழு இலங்கையின் தென்பகுதியில் பணிசெய்யத் தொடங்கியது. அங்கே பதின்ம வயது வரை சிகிச்சையே பெறாதவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுடைய அண்ணத்தை நன்றாகவே தைத்து மூடினார்கள். பேச்சு மட்டும் பெரும்பாலோருக்கு எதிர்பார்த்தபடி தேறவில்லை. நாவும் தொண்டையும் தங்களுக்குத் தெரிந்த தவறான வழியிலேயே பழகிப்போயிருந்தன. எனவே குழந்தை பேசத் தொடங்கும் முன்பே, அதாவது ஏறக்குறைய 9 மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள், அண்ணம் மூடப்பட வேண்டும். ஆண்டுக்கொரு முகாமை நம்பினால் ஒரு சளிக் காய்ச்சலில் அந்தக் காலம் கடந்துபோய்விடும்.

‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-இல் வெளியிட்ட கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் உலகில் 500 கோடிப் பேர். ஆண்டுதோறும் இன்னும் 14 கோடியே 30 லட்சம் அறுவை சிகிச்சைகள் தேவைப்படுகின்றன. விமானத்தில் வரும் மருத்துவர்கள் எத்தனை பேர் வந்தாலும் இது தீராது.

அதனால்தான் பணியின் போக்கே மெல்ல மாறியது. 1999-இல் தொடங்கிய ‘ஸ்மைல் டிரெயின்’ அமைப்பு வெளிநாட்டு மருத்துவர்களை அனுப்புவதற்குப் பதிலாக உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் சிகிச்சைச் செலவும் கொடுப்பது என்று முடிவெடுத்தது. 2009-இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ என்ற ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: அதில் சிறுமிக்குச் சிகிச்சை செய்பவர் வாரணாசியைச் சேர்ந்த மருத்துவர். ஆபரேஷன் ஸ்மைல் அமைப்பும் முகாம்களோடு நின்றுவிடாமல் 2011-இல் அசாம் மாநிலம் குவாஹாத்தியில் நிரந்தர மையம் ஒன்றை அமைக்கத் துணைநின்றது. அறுவை சிகிச்சை, பல் சீரமைப்பு, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில்.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருச்சூர் உயர்மறைமாவட்டத்தின் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு 1959-இல் ஹிர்ஜி அடென்வாலா என்ற மருத்துவர் வந்தார். மும்பையைச் சார்ந்த பார்சி இனத்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. தம் ஆசிரியர் சார்லஸ் பிண்டோவின் பெயரில் அங்கே பிளவு சிகிச்சை மையத்தை வளர்த்தெடுத்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து, இளம் மருத்துவர்களைப் பழக்கிவிட்டு, 2020-இல் இறந்தார். பார்சி மருத்துவர் ஒருவர் கத்தோலிக்க மருத்துவமனையில் எல்லாச் சமயக் குழந்தைகளுக்கும் உழைத்தார் என்பதை நல்ல சமாரியர் உவமையைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

நாகாவுக்குப் போனவர்களையும் திருச்சூரில் தங்கியவரையும் நான் எதிரெதிரே நிறுத்தவில்லை. அந்த 40 குழந்தைகளுக்கு 1982-இல் வேறு வழி எதுவும் இல்லை. இன்றும் போர் நடக்கும் இடங்களிலும், பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர்கூட இல்லாத நாடுகளிலும், வந்துபோகும் குழுக்களே ஒரே வழி. வந்தவர்கள் உள்ளூர் மருத்துவரைத் தங்களோடு மேசை அருகில் நிறுத்தி, கற்றுக்கொடுத்து, அடுத்த ஆண்டு அவர் செய்ய இவர்கள் அருகில் நின்று பார்க்கிறார்களா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

இன்றைய நற்செய்தியில் இன்னும் ஒரு சிறு விவரம் என்னை உறுத்துகிறது. இயேசு அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார், குணமான பிறகு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். நாம் என்ன செய்கிறோம்? சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படங்களை அருகருகே அச்சிட்டு நன்கொடை கேட்கிறோம். பணம் வருகிறது, அந்தப் பணத்தால் குழந்தைகள் குணம் பெறுகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து 20 வயதில் தன் பழைய முகத்தை முன்பின் தெரியாதவர் கைப்பேசியில் பார்க்கும்போது என்ன நினைக்கும்? நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவி கொடுத்துவிட்டு அவர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்கும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். என் சக குருக்கள் மன்னிக்க வேண்டும்.

நம் ஊரில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் வெளிநாட்டுக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2013 முதல் நடைமுறையிலுள்ள தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் பட்டியலிடப்பட்ட பிறவிக் குறைகள். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். கட்டணமில்லாமல் சிகிச்சை செய்யும் தொண்டு மருத்துவமனைகளும் உண்டு. அன்பியக் கூட்டங்களில் வீடு சந்திக்கும்போது திரைக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கும் குழந்தை இருந்தால், கிரகணத்தைப் பற்றிப் பேசாமல், பாலாடையைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும் பேசுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஈறில் இடைவெளி இருந்தால் எட்டு, பத்து வயதில் இடுப்பு எலும்பிலிருந்து சிறிது எடுத்து அதை நிரப்புவார்கள். பல் வரிசையைச் சீராக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாகவும் நீண்டதாகவும் இருப்பது பேச்சுப் பயிற்சி. அதற்குக் கத்தியும் மயக்க மருந்தும் தேவையில்லை. பொறுமையுள்ள ஒருவர் வாராவாரம் குழந்தையின் எதிரே உட்கார வேண்டும், அவ்வளவுதான். தன்னார்வலர்கள் மிகக் குறைவாகக் கிடைக்கும் வேலையும் இதுதான்.

அந்தப் பயிற்சியில் ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே பிடிப்பார்கள். ‘அம்மா’ என்று சொல்லச் சொல்வார்கள். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கும், அது சரிதான். பிறகு துடைத்துவிட்டு ‘அப்பா’ என்று சொல்லச் சொல்வார்கள். முதல் வாரங்களில் அப்போதும் கண்ணாடி மங்கும். குழந்தை அதைப் பார்க்கும், மீண்டும் சொல்லும். ஒரு நாள் ‘ப்பா’ என்ற இடத்தில் காற்று உதட்டில் வெடித்து, கண்ணாடி தெளிவாகவே இருக்கும். அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அது காதில் விழும்.